கறுப்பு மணல், வெள்ளைச் சுவர்

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் ஒரே நிறமாக இருப்பதில்லை. கடல் கொந்தளிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அலை கரையை அரித்து, எடை குறைந்த வெள்ளை மணலை இழுத்துக்கொண்டு போய்விடும். கனமானது கரையிலேயே தங்கி, கன்னங்கரேலென்று பட்டை பட்டையாகத் தெரியும். அதில் ஒரு பிடி அள்ளிக் காயவைத்து, காகிதத்தில் பரப்பி, அடியில் வலுவான காந்தம் ஒன்றை நகர்த்திப் பாருங்கள். கறுப்புத் துகள்கள் முந்திக்கொண்டு நகரும். சிவப்பாகச் சிலவும், மஞ்சள் கலந்த தேன் நிறத்தில் சிலவும், நிறமே இல்லாமல் சிலவும் பின்தங்கும். சிவப்பு கார்னெட், தேன் நிறம் மோனசைட், நிறமற்றது ஜிர்கான். முந்திய கறுப்பு, இல்மனைட். மேற்குத் தொடர்ச்சி மலையின் பழம்பாறைகள் வெயிலிலும் மழையிலும் நைந்து, வள்ளியாறு போன்ற சிற்றாறுகள் வழியாகக் கடலுக்கு வந்து, கடல் புடைத்துக் கொடுத்தவை இவை எல்லாம்.

இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது இல்மனைட். இரும்பைக் கழித்துவிட்டால் எஞ்சுவது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற பால் வெள்ளைப் பொடி. நாம் பார்க்கும் வெள்ளைப் பெயின்டில், பளபளக்கும் காகிதத்தில், பற்பசையில், மாத்திரையின் மேல்பூச்சில் வெண்மை தருவது பெரும்பாலும் இதுதான். ஆனால் இதே பொடி இன்னொரு வேலைக்கும் போயிருக்கிறது: ஆள் ஏறாமல், சாரம் கட்டாமல், வெயிலையும் மழையையும் மட்டும் வைத்துக்கொண்டு கட்டடத்தின் வெளிச்சுவரைக் கழுவும் வேலை. அந்த வேலைக்குக் கைகொடுக்கிற குணம், பெயின்ட் தொழில் ஐம்பது ஆண்டுகளாகக் குற்றமென்று சொல்லி அடக்கிவைத்திருந்த அதே குணம். அதனால்தான் இதன் வரலாற்றை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

டைட்டானியம் முதலில் அகப்பட்டதும் ஒரு கறுப்பு மணலில்தான். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மனாக்கன் என்ற ஊரின் ஓடை மணலை ஆராய்ந்த வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், காந்தத்தில் ஒட்டும் அந்த மணலில் அதுவரை யாருக்கும் தெரியாத ஓர் உலோகத்தின் ஆக்சைடு இருப்பதை 1791-இல் அறிவித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் மார்ட்டின் கிளாப்ராத் வேறொரு கனிமத்தில் அதையே கண்டு டைட்டானியம் என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் அதனால் பெரிய உபயோகம் இல்லை.

மணவாளக்குறிச்சி மணலின் கதையும் இப்படி ஒரு புறக்கணிப்பில்தான் தொடங்குகிறது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு, 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இந்தக் கரையைத் தேடிக்கொண்டு வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது மோனசைட். காஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தேவையான தோரியம் அதில் இருந்தது. மணவாளக்குறிச்சியில் ஆலை எழுந்தது. தேன் நிற மணலைப் பிரித்தெடுத்த பிறகு மலையாகக் குவிந்த கறுப்பு மணலை வாங்க ஆளில்லை.

மின்விளக்கு வந்து காஸ் விளக்கை ஓரங்கட்டியது. மோனசைட்டின் மவுசு குறைந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் நயாகராவிலும் நார்வேயிலும் இல்மனைட்டிலிருந்து வெள்ளை நிறமி எடுக்கும் முறையைத் தனித்தனியாகக் கண்டுபிடித்து, 1916 வாக்கில் விற்பனைக்கே கொண்டு வந்துவிட்டார்கள். அதுவரை வெள்ளை என்றால் ஈய வெள்ளை. நன்றாக மறைக்கும், நன்றாக உழைக்கும், அடிப்பவனைக் கொல்லும். பெயின்டர்களுக்கு வயிற்று வலி, கை விழுந்து போவது, குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு என்று அதன் பாவக்கணக்கு நீளம். கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசுவதைத் தடுக்க, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் ஓர் உடன்படிக்கையே கொண்டுவந்தது. புதிய வெள்ளைக்கு அந்த விஷம் இல்லை. அதற்கும் மேலாக ஒரு சிறப்பு: ஒளியை வளைக்கும் ஆற்றலில் வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.4 என்றால், டைட்டானியம் டை ஆக்சைடின் ரூட்டைல் வடிவத்துக்கு 2.7. அதனால் மெல்லிய பூச்சிலேயே அடியில் இருப்பதை மறைத்துவிடும்.

கேட்பாரற்றுக் கிடந்த கறுப்பு மணல் கப்பலேறத் தொடங்கியது 1920-களில். திருவிதாங்கூர் உலகத்துக்கே இல்மனைட் கொடுக்கும் முதன்மை இடமானது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வழி அபாயமானபோது அமெரிக்கர்கள் நியூயார்க் மாநிலத்து மலைக்காட்டில் டஹாவஸ் என்ற இடத்தில் அவசரமாக ஒரு சுரங்கம் திறந்தார்கள் என்றால், இந்தக் கரையை எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்று புரியும். மணலை விற்றுப் பெயின்டை வாங்கிக்கொண்டிருந்த நிலை மாற, 1946-இல் திருவனந்தபுரத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1956-இல் எல்லைகள் மாறியபோது மணவாளக்குறிச்சி தமிழ்நாட்டுக்கு வந்தது.

கறுப்பு எப்படி வெள்ளையாகிறது என்பதைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்க வேண்டும். பழைய முறையில், மாவாக அரைத்த இல்மனைட்டை அடர் கந்தக அமிலத்தில் கொட்டுவார்கள். கொதித்துப் பொங்கி, இறுகிக் கட்டியாகும். அதை நீரில் கரைத்துக் குளிரவைத்தால் இரும்பு, பச்சை நிற உப்பாகப் படிந்து பிரியும். எஞ்சிய கரைசலைச் சூடாக்கும்போது வெண்மையான சேறு திரளும். அதைக் கழுவி, சுழலும் உலையில் ஆயிரம் டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் சுட்டால் பொடி வரும். சூட்டையும் சேர்மானத்தையும் பொறுத்து அது அனடேஸ் என்ற படிக வடிவத்திலோ ரூட்டைல் என்ற வடிவத்திலோ அமையும். ஒவ்வொரு டன் வெள்ளைக்கும் பின்னால் அதைவிட அதிகமான அமிலக் கழிவும் இரும்பு உப்பும் நிற்கின்றன. வெள்ளைச் சுவரைப் பாராட்டுகிறவர்கள் அந்தக் கழிவு போய்ச் சேரும் கடற்கரையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். குளோரினைக் கொண்டு செய்யும் பிந்தைய முறையில் கழிவு குறைவு. ஆனால் அதைக் கையாள்வதில் ஆபத்து அதிகம்.

இனி அந்தக் குற்றம்.

ஆரம்ப கால வெள்ளைப் பெயின்ட் அனடேஸ் வகை. வெளிச்சுவரில் அடித்துச் சில வருடம் கழிந்து, சுவரில் உள்ளங்கையை ஒரு தேய்ப்புத் தேய்த்தால் கை வெள்ளையாகிவிடும். மாவு உதிரும். நிறமி அப்படியே இருக்கும். அதைப் பிடித்துவைத்திருந்த பசை, அதாவது எண்ணெயோ பிசினோ, காணாமல் போயிருக்கும். அதைத் தின்றது நிறமியேதான். வேலியே பயிரை மேய்ந்த கதை. சூரிய ஒளியில் சுமார் 388 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புறஊதாக் கதிர் அனடேஸ் படிகத்தில் விழும்போது, ஓர் எலக்ட்ரான் தன் இடத்தை விட்டு எழும்புகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. எழும்பிய எலக்ட்ரான் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்கிறது. வெற்றிடமோ, மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் நீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்கிறது. இரண்டாலும் பிறப்பவை மூர்க்கமான ஆக்சிஜனேற்றிகள். பக்கத்தில் எந்தக் கரிமப் பொருள் இருந்தாலும் அதன் சங்கிலியை வெட்டி, கடைசியில் கரியமில வாயுவாகவும் நீராகவும் ஆக்கிவிடும். பெயின்டுக்குள் பக்கத்தில் இருக்கும் கரிமப் பொருள் அதன் சொந்தப் பசைதான்.

தொழில் இதற்கு இரண்டு வழி கண்டது. ஒன்று, மூர்க்கம் குறைந்த ரூட்டைல் வடிவத்துக்கு மாறியது. மற்றது, ஒவ்வொரு நிறமித் துகளுக்கும் சிலிக்காவாலும் அலுமினாவாலும் மெல்லிய உறை போட்டது. இன்றும் நம் ஊரில் டப்பா டப்பாவாக விற்கும் வெளிப்புற எமல்ஷனில் இருப்பது இப்படி உறை போட்டு அடக்கிய ரூட்டைல்தான். இடையில் அமெரிக்காவில் சிலர் குற்றத்தையே சரக்காக்கினார்கள். அனடேஸையும் ரூட்டைலையும் அளந்து கலந்து, வெள்ளை வீட்டுப் பெயின்ட் கொஞ்சம் கொஞ்சமாக மாவாக உதிரும்படி செய்தார்கள். மழை வரும்போது மாவு அழுக்கையும் சேர்த்துக்கொண்டு இறங்கிவிடும். சுவர் மறுபடி வெள்ளையாக நிற்கும். தானே சுத்தம் செய்துகொள்ளும் பெயின்ட் என்றே அதை விற்றார்கள். வீட்டுக்காரர் விலை கொடுத்து வாங்கிய பூச்சே கரைந்து போவதுதான் அதன் சூட்சுமம். கீழே செங்கல் சுவரோ அடர்நிறக் கதவோ இருந்தால் அதன்மேல் வெள்ளை வழியும்.

1967-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் அகிரா ஃபுஜிஷிமா என்ற ஆராய்ச்சி மாணவர், பேராசிரியர் கெனிச்சி ஹோண்டாவின் வழிகாட்டலில், ரூட்டைல் படிகம் ஒன்றை நீருக்குள் மின்முனையாக வைத்து அதன்மேல் வலுவான விளக்கொளியைப் பாய்ச்சினார். படிகத்திலிருந்து குமிழி வந்தது. எதிர்முனையிலும் வந்தது. ஒன்று ஆக்சிஜன், மற்றது ஹைட்ரஜன். ஒளியைக் கொண்டு நீரைப் பிளக்க முடிகிறது. படிகம் கரையவும் இல்லை. 1972-இல் 'நேச்சர்' இதழில் வெளியான அந்தக் கட்டுரை, அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்ததால் உலகப் புகழ் பெற்றது. சூரியனும் தண்ணீரும் இருந்தால் எரிபொருள் என்ற ஆசை எல்லோரையும் பிடித்துக்கொண்டது. ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. சூரிய ஒளியில் புறஊதாப் பங்கு ஏறக்குறைய 5 சதவீதம்தான். மீதி 95-ஐ இந்தப் படிகம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வெட்டவெளியில் பெரிய பரப்பில் செய்து பார்த்தபோது கிடைத்த ஹைட்ரஜன், போட்ட முதலுக்குக் கட்டுபடியாகவில்லை.

அடுத்து நடந்தது எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த திருப்பம். கருவியையோ பொருளையோ யாரும் மாற்றவில்லை, கேள்வியை மாற்றினார்கள். 1980-களின் இறுதியில் ஃபுஜிஷிமாவின் ஆய்வகத்துக்கு வந்த கஸுஹிதோ ஹஷிமோட்டோவும், கழிவறைச் சாதனங்களும் ஓடுகளும் செய்யும் டோட்டோ நிறுவனத்தின் தோஷியா வதனபேயும் யோசித்தது இப்படி: எரிபொருள் வேண்டுமானால் ஏராளமான ஒளி வேண்டும். ஆனால் ஒரு சுவரிலோ ஓட்டிலோ ஒரு நாளில் படியும் எண்ணெய்ப் பசை எவ்வளவு? கண்ணுக்கே தெரியாத அளவு. அதை அன்றன்றைக்கு எரித்துவிட, கிடைக்கிற சொற்பப் புறஊதாவே போதும். பெரிய பொருளைச் செய்ய முடியாத ஒளி, சிறிய அழுக்கைத் தீர்க்கப் போதுமானது. ஓட்டின் மேல் அனடேஸைத் தெளித்துச் சுட்டு, பசையே இல்லாத கண்ணாடித்தன்மையான பூச்சாக்கினார்கள். தின்பதற்குப் பசை இல்லாத இடத்தில் அது அழுக்கை மட்டும் தின்றது. மருத்துவமனைச் சுவர்களுக்கும் கழிவறைகளுக்கும் அந்த ஓடுகள் போயின. இருட்டிலும் கிருமி கொல்ல வெள்ளியோ செம்போ சேர்த்தார்கள்.

1995-இல் டோட்டோவின் ஆய்வகத்தில் எதிர்பாராத ஒன்று கண்ணில் பட்டது. ஒளிபட்ட பூச்சின் மேல் விட்ட நீர் துளியாக நிற்கவில்லை. விரிந்து, தாளைவிட மெல்லிய படலமாகப் பரவிவிட்டது. சாதாரணக் கண்ணாடியில் நீர்த்துளி பல பத்து டிகிரி கோணத்தில் குவிந்து நிற்கும். இங்கே கோணம் கிட்டத்தட்ட சுழியம். இதன் காரணத்தை அறிவியலாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள்: ஒளி படிகத்தின் மேற்பரப்பையே நீர் விரும்பும்படி மாற்றுகிறது என்கிறது ஒரு தரப்பு, மேலே இருந்த எண்ணெய்ப் படலம் எரிந்து போவதால் இயல்பான தன்மை வெளிப்படுகிறது என்கிறது இன்னொன்று. 1997-இல் இதுவும் 'நேச்சர்' இதழில் வந்தது. கட்டடக்காரர்களுக்கு விவாதத்தைவிட விளைவு முக்கியம். வெளிச்சுவரில் அழுக்கு ஒட்டுவதற்குப் பசையாக இருப்பது வண்டிப் புகையின் எண்ணெய்ப் பசை; தூசியும் கரியும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன. பகலில் வெயில் அந்தப் பசையை அறுக்கிறது. மழை வந்தால் நீர் படலமாகப் பரவி, பிடி விட்ட தூசியின் அடியில் நுழைந்து, மொத்தமாகச் சறுக்கி இறக்கிவிடுகிறது. துளித்துளியாக நின்று காய்ந்து புள்ளி விழும் தொல்லையும் இல்லை.

இதற்கு நேர் எதிரான வழி ஒன்றும் அதே ஆண்டுகளில் சந்தைக்கு வந்தது. தாமரை இலைத் தண்ணீரை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது ஏன் ஒட்டாது என்பதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர் ஜெர்மனியின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட். இலைகளை நுண்ணோக்கிக்கு அனுப்புமுன் கழுவ வேண்டும். சில இலைகளுக்கு மட்டும் கழுவும் வேலையே இல்லாமல் போவதை அவர் 1970-களில் கவனித்தார். சுமார் 10 மைக்ரான் அளவு மேடுகள், அந்த மேடுகளின் மேலே இன்னும் நுண்ணிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி மேட்டு நுனிகளில் மட்டும் தொட்டுக்கொண்டு, அடியில் காற்று சிக்கியிருக்க, உருண்டு ஓடுகிறது. ஓடும்போது தூசியையும் எடுத்துக்கொள்கிறது. 1997-இல் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸோடு சேர்ந்து இதை விரிவாக எழுதினார். 1999-இல் இந்தத் தத்துவத்தில் லோட்டுசான் என்ற வெளிச்சுவர்ப் பெயின்ட் ஜெர்மனியில் வந்தது.

அழகான யோசனை, எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஆனால் சுவர் இலையல்ல. இலையில் மெழுகு தேய்ந்தால் செடி மறுபடி சுரக்கும். சுவரில் தேய்ந்த மேடு தேய்ந்ததுதான். நீரை விரட்டும் பரப்பு எண்ணெய்ப் புகையை விரட்டுவதில்லை. பள்ளங்களில் கரி அடைந்துவிட்டால் துளி உருளாது. ஆகவே ஒரு வழி நீரைத் தள்ளிவைக்கிறது, இன்னொரு வழி நீரை வாரி அணைக்கிறது என்ற இரண்டில், நகரத்துப் புகைக்கு அனடேஸே நீடித்து உழைத்தது. மழை அடிக்கடி பெய்யும், புகை குறைந்த ஊர்களில் தாமரை வழி இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது.

2001-இல் பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனம் சுமார் 15 நானோமீட்டர் தடிமனில் இந்தப் பூச்சைக் கண்ணாடியின் மேல் கொண்டுவந்தது. கண்ணாடி உருகி வார்க்கப்படும் பாதையிலேயே, சூடு ஆறுமுன் ஆவியாகப் படியவைப்பதால் பூச்சு கண்ணாடியோடு ஒன்றிவிடும். சுரண்டி எடுக்க முடியாது. இங்கே ஒரு நுணுக்கம். பெயின்டுக்கு வேண்டிய துகள் 200 முதல் 300 நானோமீட்டர்; அந்த அளவில்தான் ஒளியை நன்றாகச் சிதறடித்து வெள்ளையாகத் தெரியும். கழுவும் வேலைக்கு வேண்டியது அதில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறியது ஒளியைச் சிதறடிக்காது, கண்ணுக்கே தெரியாது. வெண்மைக்காகப் புகழ்பெற்ற பொருள் தன் இரண்டாம் வாழ்வில் நிறமற்றதாக வாழ்கிறது.

கான்கிரீட்டுக்கு இது வந்தது ரோமில். நகரின் கிழக்குப் புறநகரான தோர் தரே தெஸ்தேயில் ரிச்சர்ட் மையர் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த தேவாலயம் 2003-இல் திறக்கப்பட்டது. ஒன்றன் பின் ஒன்றாக வளைந்து எழும் மூன்று வெள்ளை ஓடுகள். உயரமானது 26 மீட்டர் அளவு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 டன் எடையுள்ள, முன்கூட்டியே வார்த்த துண்டுகளை அடுக்கிக் கட்டியவை. மையருக்கு வெள்ளை என்றால் உயிர். வண்டிப் புகை சூழ்ந்த ரோமில் அந்த வெள்ளை நிலைக்க வேண்டும் என்றார். இத்தால்செமென்டி நிறுவனத்தின் லூயிஜி கஸார் குழு வெள்ளைச் சிமெண்டில் டைட்டானியம் டை ஆக்சைடைக் கலந்து, கரரா பளிங்குச் சில்லுகளோடு சேர்த்து வார்த்தது. சிமெண்ட் கனிமப் பொருள். அனடேஸ் அதைத் தின்ன முடியாது. நிறம் நிலைக்கிறதா என்று சோதித்தபோதுதான், பக்கத்துக் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அந்தப் பரப்பு நைட்ரேட்டாக மாற்றிக் குறைப்பது தெரியவந்தது. பிறகு இதே வகைச் சிமெண்ட் 2015-இல் மிலான் உலகக் கண்காட்சியின் இத்தாலிய அரங்கு வரைக்கும் போனது.

அந்தத் தேவாலயம் இன்று, திறந்த அன்றிருந்த வெள்ளையில் இல்லை. வெயிலும் மழையும் நேரே படுகிற வளைவுகள் நன்றாகத் தாக்குப்பிடித்திருக்கின்றன. தண்ணீர் ஒரே தடத்தில் வழிகிற இடங்களிலும், மழை எட்டாத மறைவுகளிலும் கறை படிந்திருக்கிறது. பராமரிப்பு வேண்டாம் என்று நம்பிக் கழுவாமல் விட்டதும் ஒரு காரணம். இதைச் சொல்லி அந்தக் கண்டுபிடிப்பைக் குறைப்பது நியாயமில்லை. அதே சமயம் 'பராமரிப்பே தேவையில்லை' என்று சொல்லி ஒரு பூச்சை விற்பதும் நியாயமில்லை. இடைவெளியைக் கூட்டித் தருகிறது என்று சொன்னால் உண்மை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை கயிற்றில் தொங்கி இருபது மாடி உயரத்தில் சுவரைத் தேய்க்கும் மனிதர் எட்டு வருடத்துக்கு ஒருமுறை தொங்கினால் போதும் என்றால், அது ஒன்றுக்காகவே இந்த வேதியியலில் இத்தனை பேர் வாழ்நாளைச் செலவிட்டது தகும்.

பூச்சை வடிவமைப்பவரின் தலைவலி இப்போது தெளிவாகியிருக்கும். கண்ணாடிக்கும் ஓட்டுக்கும் சூளை உண்டு; சிமெண்டுக்குக் கலவை இயந்திரம் உண்டு. ஏற்கெனவே எழும்பி நிற்கும் வீட்டுச் சுவருக்கு உருளையும் பிரஷ்ஷும்தான். அங்கே பூச்சைப் பிடிக்கப் பசை வேண்டும். பசை அக்ரிலிக்காக இருந்தால் அனடேஸ் தின்றுவிடும். அதனால் சிலிக்காவையும் சிலிகோன் பிசினையும் பசையாக்கினார்கள். இவற்றின் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்சிஜனும். அது ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் அடைந்தது, மேற்கொண்டு எரிய ஒன்றுமில்லை. ஆனால் சுவரில் முன்பே அடித்திருக்கும் பழைய அக்ரிலிக்கை என்ன செய்வது? இடையே ஒரு தடுப்புப் பூச்சு. கீழ்ப்பக்கம் பழைய பெயின்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேல்பக்கம் அனடேஸின் கடியைத் தாங்க வேண்டும். மேலே கடைசியாக ஒரு மைக்ரானுக்கும் குறைந்த தடிமனில் அனடேஸ். தடிமன் கூடினால் வெளிர் நீலமாக மினுங்கும், வெடிக்கும். நம் பெயின்டர்கள் பாஷையில் சொன்னால், பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ரெண்டு கோட் போட்டு, அதன்மேல் தடுப்பு, அதற்கும் மேலே தெளிப்பு. கூலியும் நாளும் கூடும். நல்ல வெயிலில் ஈரமில்லாத சுவரில் அடிக்க வேண்டும் என்பதில் தளர்வே கிடையாது.

நம் ஊர்ச் சுவருக்கு இது என்ன செய்யும்? வெயிலுக்குப் பஞ்சமில்லை, புறஊதாவும் ஐரோப்பாவைவிட அதிகம். வண்டிப் புகை படியும் சாலையோரச் சுவர் என்றால் பலன் நிச்சயம். ஆனால் செம்மண் புழுதியும் கட்டட வேலைத் தூசியும் கனிமங்கள். அனடேஸ் அவற்றை எரிக்க முடியாது. பசையை அறுத்துவைக்கும், அடித்துக்கொண்டு போக மழை வேண்டும். மாசி தொடங்கி வைகாசி வரை சொட்டு மழை இல்லாத ஊரில் சுவர் மங்கித்தான் நிற்கும்; முதல் நல்ல மழையில் தெளியும். அந்தக் காத்திருப்பு பிடிக்காதவர்கள் குழாயில் தண்ணீர் பீய்ச்சினால் போதும், சோப்பு வேண்டாம். உப்புத் தண்ணீரோ கடினநீரோ அடித்தால் காய்ந்ததும் வெள்ளைப் படிவு நிற்கும், அதையும் அனடேஸ் எதுவும் செய்யாது. வெயில் அதிகம் படாத வடக்குச் சுவரிலும், மரநிழலிலும், ஏசி தண்ணீர் சொட்டும் இடத்திலும் பாசி வரும். புறஊதா இல்லாமல் இந்தப் படிகம் வெறும் கல். கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே வேலை செய்யும்படி நைட்ரஜன் கலந்த வகைகளை 2001 முதல் செய்து பார்க்கிறார்கள். ஆய்வகத்தில் வேலை செய்கிறது, வெளிச்சுவரில் வேகம் போதவில்லை.

கடைகளில் 'தூசி ஒட்டாது' என்று எழுதி விற்கும் எமல்ஷன்களில் பெரும்பாலானவற்றுக்கும் இந்த வேதியியலுக்கும் சம்பந்தமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவை வேறு வழி. வெயிலில் பிசுபிசுக்காத கெட்டியான பிசினைப் போடுகிறார்கள். சிலவற்றில் வெயில் பட்டதும் மேல்தோல் மட்டும் இறுகும்படி பென்சோபீனோன் சேர்ப்பார்கள். பிசுபிசுப்பு இல்லாவிட்டால் தூசி பிடிப்பு குறையும். நல்ல, சிக்கனமான வழிதான். ஆனால் ஏற்கெனவே படிந்ததை அது எரிக்காது. வாங்குபவர் இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும். விற்பவர் பிரித்துச் சொல்ல வேண்டும்.

துகளின் பயணம் சுவரோடு முடிவதில்லை. சுவிட்சர்லாந்தில் ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பெயின்ட் அடித்த வெளிச்சுவர்களிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு நானோ துகள்கள் மழைநீரோடு கழன்று ஓடை வரை போய்ச் சேர்வதைக் கண்டார்கள். பொடியை மூச்சில் இழுப்பது பற்றிய கவலையும் இருக்கிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் சுவாசிக்கும் பொடியை அவ்வாறு வகைப்படுத்தியதை அதன் நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தது. அதே ஆண்டில் உணவில் சேர்ப்பது அங்கே தடை செய்யப்பட்டது. பூச்சுக்குள் உறைந்த துகளால் வீட்டில் குடியிருப்பவருக்கு ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆபத்து தெளிப்பவருக்கும், பிறகொரு நாள் அந்தச் சுவரை எமரித்தாள் போட்டுத் தேய்ப்பவருக்கும்தான். அவருக்கு வாயில் கட்டிய துண்டு போதாது. துகளை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும், அதன் விலை மதிப்பீட்டிலேயே எழுதப்பட வேண்டும்.

வீடு கட்டுகிறவர்கள் யாராவது யோசனை கேட்டால் நான் சொல்லும் வரிசை இது. முதலில் சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் ஒரு சிறு காடி விடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் மழைநீர் அடியில் தவழ்ந்து வந்து சுவரில் கறுப்புக் கோடு போடும், எந்தப் பூச்சாலும் அதை வெல்ல முடியாது. கைப்பிடிச்சுவரின் தலைச் சரிவு மொட்டைமாடிப் பக்கம் இருக்கட்டும். ஏசிக் குழாயைச் சுவரிலிருந்து விலக்கித் தரைக்குக் கொண்டுபோங்கள். இவை முடிந்த பிறகு, சாலையைப் பார்த்த, வெயில் விழும் முகப்புக்கு மட்டும் அனடேஸ் பூச்சுக்குப் பணம் ஒதுக்குங்கள். வடக்குச் சுவருக்குப் பாசிக்கொல்லி சேர்த்த நல்ல எமல்ஷன் போதும். அடித்து முடித்துச் சில நாள் வெயில் பட்டதும், ஒரு செம்பு தண்ணீரை அந்த முகப்பின்மேல் விசிறிப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு இன்னும் விழிக்கவில்லை. விரிந்து ஒரே படலமாக இறங்கினால் அது வேலையைத் தொடங்கிவிட்டது.